சரிபார்க்கப்பட்டது

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரே நாளில் முப்பத்தொரு சேவைப் படிவங்கள். கடைசித் தேதி இருபத்தேழு. அதற்கு இவ்வளவு முன்னாடியே இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் மழைதான் வரப்போகிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் நூறு மணி நேரம் பிறருக்காக உழைத்திருக்க வேண்டும். உழைத்ததற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து நிஜம்தானா என்று நான் போன் போட்டுக் கேட்க வேண்டும். அப்புறம்தான் என் முத்திரை. வட்டத்துக்கு நடுவில் ‘சரிபார்க்கப்பட்டது’. அது இல்லாமல் எந்தக் கொம்பனும் பட்டமளிப்பு மேடை ஏற முடியாது. பதினெட்டு வருடமாக இந்த வேலை. முதுகுக்குப் பின்னால் ‘சீல் சார்’ என்கிறார்கள். சொல்லட்டும். கத்தோலிக்கப் பள்ளியின் மறைக்கல்வி வாத்தியாருக்கு இதைவிட நல்ல பட்டப்பெயர் எங்கே கிடைக்கும்?

ஒருவன் தன் அப்பாவின் காரைக் கழுவியதற்கு ஆறு மணி நேரம் போட்டிருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன். “அப்பாவும் பிறர்தானே சார்” என்கிறான், எமகாதகன். இவனைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த விதியை நானே எழுதி வைத்தேன்: சொந்த வீட்டாருக்குச் செய்வது சேவை ஆகாது, கடமை. அந்த ஆறு மணி நேரத்தையும் அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 12

மத்தியானம் இரண்டு மணி வகுப்பு. வாய்மை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது பெஞ்சிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். ஜன்னலோரப் பெண்ணின் போன். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை, அதே இரண்டு மணிக்கு. பிள்ளைகள் அவளுக்கு ‘அலாரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போனை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். “சார், ஒரே ஒரு கால் பண்ணிட்டுத் தந்துடறேன்” என்றாள். யாருக்கு என்றேன். பேசவில்லை. அப்படியானால் சாயங்காலம் மணி அடித்ததும் வாங்கிக்கொள் என்றேன். மீதி வகுப்பு முழுக்கச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்டிக்காரி. கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை. பெரிய கல்லூரி ஒன்றில் கணிதம் படிக்க இடம் கிடைத்துவிட்டது, முழுக் கட்டணமும் அவர்களே. கல்லூரி வழிகாட்டும் மேடம் அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் மூன்று முறை வாசித்துக் காட்டினார். இருந்தாலும் விதி விதிதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

கடைசி நாள். மூன்று ஐம்பதுக்கு, ஓடி வந்த மூச்சோடு, அலாரம் தன் படிவத்தைக் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்! வகுப்பிலேயே அதிகம். ‘நோயுற்ற பெண்மணி ஒருவருக்கு வீட்டில் உதவி’ என்று எழுதியிருந்தாள். அடியில் நடுக்கமான ஒரு கையெழுத்து.

உடனே போன் போட்டேன். மணி வெகுநேரம் அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. என் வழக்கப்படி அவர் சொல்வதை அப்படியே படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். குளிப்பாட்டுவாள், மாத்திரை கொடுப்பாள், கூட இருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பாள். நான் கேட்டது நாலே கேள்வி, அந்த அம்மாள் பேசிக்கொண்டே போனார். பின்பக்கம் நிரம்பிவிட்டது. கடைசியில் வழக்கமான கேள்வி: இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு?

“அவ எனக்கு யாரும் இல்ல சார். வந்து போற பொண்ணு.”

நல்லது என்று வைத்தேன். முத்திரை போடப் போனால் மை அட்டை காய்ந்து கிடக்கிறது. அலுவலகத்தில் புதிது கேட்டிருக்கிறேன். வந்ததும் போட்டுவிடலாம். இப்படி ஒரு பிள்ளைக்குப் போட எனக்கே ஆசையாக இருக்கிறது.

மார்ச் 6

பட்டமளிப்பு அழைப்பிதழ்களுக்கு உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். அலாரத்தின் வீட்டு முகவரியை எழுதும்போது கை நின்றது. எங்கேயோ பார்த்த முகவரி. படிவத்தை எடுத்து நோயாளியின் முகவரியைப் பார்த்தேன். அதே தெரு, அதே கட்டிடம், அதே மூன்றாம் மாடி, அதே கதவு எண்.

நோயாளியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! வீட்டில் யாரையோ பேச வைத்திருக்கிறாள். நானும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் என் காதில் இப்படிப் பூ சுற்றியவர்கள் யாரும் இல்லை.

மை அட்டை இன்று காலைதான் வந்தது. நல்லவேளை.

மார்ச் 9, திங்கள்

கூப்பிட்டுக் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

“பொய்தான் சார்.”

“போன்ல பேசினது யாரு?”

“எங்கம்மா.”

“அம்மாவே உன்னைத் தெரியாதுன்னு சொன்னாங்களா? நல்லா இருக்கே குடும்பம்! எதுக்கு?”

“வீட்டாளுங்களுக்குச் செஞ்சா மணி சேராதுன்னு போட்டிருக்கு சார். எனக்கு வேற எங்கேயும் போக முடியல. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.”

எல்லாருக்கும்தான் உடம்பு சரியில்லாமல் போகிறது என்றேன். ஒரு வார்த்தை முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்றும் கேட்டேன். சொன்னால் அவளைச் சித்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், கடைசி வருடம் பள்ளி மாற வேண்டி வரும் என்று பயமாம். இந்தச் சாக்கெல்லாம் நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன்.

வாசல் படிக்கட்டில் ஐந்து படி, ஐந்து வார்த்தை: விசுவாசம், வாய்மை, சேவை, கல்வி, குடும்பம். தினமும் மிதித்துக்கொண்டுதானே ஏறி வருகிறாய், இரண்டாவது படியில் என்ன எழுதியிருக்கிறது என்றேன். சொன்னாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். இவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு, அந்தப் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். ஞாபகம் இருந்ததைச் சொன்னேன்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடறாளா? இதெல்லாம் கதை கட்டத் தெரியுமாங்க ஒருத்திக்கு? படுக்கைல கெடக்கறவங்களைப் பார்த்தவதான் இதைச் சொல்லுவா.”

விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன்.

“உங்கம்மாவை நாலு வருஷம் நான் பார்த்தேனே. அதுக்கு எத்தனை மணி போடுவீங்க?”

எழுந்து வந்துவிட்டேன். இவளுக்கு எதையும் எதோடும் முடிச்சுப் போடுகிற பழக்கம்.

மார்ச் 11

மதரிடம் அறிக்கை கொடுத்தேன். தலைமையாசிரியை ஆனாலும் மதர் சட்டென்று எதையும் முடிவு செய்ய மாட்டார். இரண்டு தடவை படித்தார். “நல்ல பொண்ணாச்சே சார்” என்றார். நல்ல பெண் என்பதால்தான் மதர், மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ஒழுங்குக் குழு.

மார்ச் 13, வெள்ளி

அவள் வரவில்லை. நேற்றும் வரவில்லையாம். வீட்டு எண்ணுக்குப் போட்டார்கள், மணி அடித்து அடித்து நின்றது.

வேதியியல்காரர் மட்டும், “பொண்ணு வரட்டுமே, நாலு நாள் போனா என்ன முழுகிடும்?” என்றார். வராததே பதில்தான் என்று சொன்னது நான். நானேதான்.

முடிவு: மேடை கிடையாது. கடைசி வருடத்தில் வாய்மை தவறினால் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, ஆகவே கடிதம். அதற்கும் வாசகம் எழுதிக் கொடுத்தது நான். ‘உறவை மறைத்துப் பொய்ச் சான்று அளித்தார்.’ ஒரே வரி. கச்சிதமாக வந்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் 14

குழுவின் முடிவைச் சொன்னதும் இவள் எழுந்து போய்விட்டாள். சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருந்தது.

மார்ச் 18, புதன்

முதல் மணி அடிப்பதற்கு முன்னால் மதர் கூப்பிட்டனுப்பினார். அலாரத்தின் அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார். ஏழு நாளாக ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை நாங்கள் குழு போட்டு உட்கார்ந்திருந்தோமே, அந்தப் பதினொரு மணிக்கு அவருக்கு மூச்சுக் குழாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் வெளியே நாற்காலியில். கூட யாரும் இல்லை. சித்தி மறுநாள்தான் வந்து சேர்ந்தாராம்.

ஒன்றரை வருடமாகப் புற்றுநோய்.

வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் எடுத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 20

அடக்கத் திருப்பலிக்குப் போனோம். இவள்தான், “வாங்க, போய்த்தான் ஆகணும்” என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். மாதா கோவிலில் பத்துப் பதினைந்து பேர். சவப்பெட்டி ரொம்பச் சின்னதாக இருந்தது. பெரியவர்களுக்கு இவ்வளவு சின்னதில் செய்வார்களா என்று நினைத்தேன், உள்ளே என்ன மிஞ்சியிருந்திருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது.

கல்லறையிலிருந்து வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. நான் உறையில் எழுதிய அதே கதவு எண். முன்னறையில் கட்டில். ஜன்னல் பக்கம் தலை வைக்கிற மாதிரி போட்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே அவள் படுக்கிற பாய் சுருட்டிக் கிடந்தது, அதற்குள்ளிருந்து கணக்குப் புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

சுவரில் ஒரு அட்டை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் ஒரு டிக். அவள் பள்ளியில் இருக்கும் நேரங்களில் ‘போன்’ என்று குட்டியாக எழுதி டிக். அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, அம்மாவை எழுப்பி, மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறாள். இரண்டு மணி.

பிப்ரவரி 12ஆம் தேதிக் கட்டத்தைத் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். இரண்டு மணிக் கட்டம் காலி. ஆறு மணிக் கட்டத்தில் டிக் இல்லை, ‘வலி’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பாவி, பாவி, நான் என்ன பண்ணினேன்? போனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வாய்மை பற்றிப் பாடம் எடுத்தேனே!

ஒன்றரை வருடத்து மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். வெட்கமில்லாத புத்தி, அப்போதும் கூட்டிப் பார்க்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை. ஆயிரத்தைத் தாண்டும். போட்டால் நம்பமாட்டார்கள் என்று குறைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வந்ததுக்கு நன்றி சார்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 23

மதரிடம் போய் அழுதேன். ஆம், அழுதேன், இதில் என்ன மறைப்பது? அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், கல்லூரிக்கு நானே எழுதுகிறேன் என்றேன். மேடைத் தடையை மதர் அந்த நிமிடமே நீக்கினார். கல்லூரிக் கடிதம் பதினாறாம் தேதியே போய்விட்டது.

“அந்த விதி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன் சார். நீங்கதான் சார் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தீங்க” என்றார் மதர். குத்திக்காட்டவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். வழிகாட்டும் மேடம் தனியாக ஒன்று எழுதினார். என்னிடம் பேசாமல்தான் எழுதினார்.

ஏப்ரல் 2

கல்லூரியிலிருந்து பதில். சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறார்களாம். ஆழ்ந்த அனுதாபங்களாம். காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருந்த மாணவருக்கு இடம் வழங்கப்பட்டுவிட்டதாம். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டணச் சலுகைக்கு உறுதி கூற இயலாதாம்.

ஏப்ரல் 3

நான் போய்ச் சொன்னேன். “சரி சார்” என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

இவள் இரண்டு நாளைக்கு ஒரு தரம் அந்தப் பெண் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். நான் கீழே தெருவிலேயே நின்றுகொள்கிறேன். இன்று கீழே இறங்கி வந்தவள், “மேல வாங்கன்னா வர மாட்டேங்கறீங்க. அவ உங்களைக் கடிச்சா தின்னுடுவா?” என்றாள். கடித்துத் தின்பாள் என்றால் போய்விடுவேனே.

மே 30, சனி

பட்டமளிப்பு. பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து நின்று பள்ளியின் உறுதிமொழியைச் சொன்னார்கள். கல்லூரிக்கும் வாழ்வுக்கும் தயாராவோம், எளியவரோடு நிற்போம், ஒரே குடும்பமாக இருப்போம். நூற்றுப் பதினான்கு குரல். எத்தனை வருடமாக நானும் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கிறேன். இன்று வாய் திறக்கவில்லை.

மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார் மதர். அவள் வரவில்லை. யாரும் அதை எடுக்கவும் இல்லை. படம் எடுக்கிறவர் மட்டும் தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். வேதியியல்காரர் அவரை முறைத்த முறைப்பில் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

ஜூன் 6, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் மறந்துவிடுவேன். மறக்கக் கூடாது.

சித்தி இன்று அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறார் என்று இவள் சொன்னாள். காலையில் பள்ளிக்குப் போய், ஒழுங்குக் குழுக் கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. திருட்டுதான். மதரிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

கீழே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை மாடி ஏறினேன். காலி வீடு. கட்டில் போய்விட்டது. அவள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலி செய்கிற வீட்டின் ஜன்னலை யார் துடைப்பார்கள்?

மன்னிப்புக் கேட்டேன். வீட்டிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. தப்புப் பண்ணிட்டேம்மா என்று மட்டும்தான் வந்தது. அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு அம்மா உங்ககிட்ட போன்ல என்ன பேசினாங்க?”

“நீ இல்லையா அப்போ?”

“ஃபாரம் கொடுத்துட்டு ஓடி வந்தேன். கதவைத் திறக்கும்போது பேசிட்டிருந்தாங்க. கடைசி மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அவ எனக்கு யாரும் இல்ல சார்னு.” வாளியை ஓரமாகத் தள்ளினாள். “எனக்காகத்தான் சொன்னாங்கன்னு தெரியும். அதைப் பத்தி நாங்க பேசவே இல்ல. கேட்டா அழுவாங்கன்னு கேக்கல. இப்ப அதுவேதான் காதுல ஓடிட்டிருக்கு சார். அவங்க பேசின வேற எதுவும் வர மாட்டேங்குது.”

நான் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி கொடுத்தேன். என் கோழிக் கிறுக்கல். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வாசித்தாள். எனக்கு மனப்பாடம்:

‘காலையில் சீப்பு எடுத்துவந்து தலை வாருவாள். எனக்கு முடி இல்லை. இருக்கிற மாதிரியே வாரிச் சிக்கெடுப்பாள், சிரிப்பு வந்துவிடும். கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பாடு ஊட்டுவாள், கணக்கு வராவிட்டால் ஸ்பூன் பாதியில் நிற்கும், நான் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பேன். கோபம் வந்து பார்த்ததே இல்லை. இப்படி ஒரு பெண் எனக்குப் பிறந்திருந்தால் சாவதற்குக்கூட நான் பயப்பட மாட்டேன் சார்.’

கடைசி வரி கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாமா என்று அன்று யோசித்தேன். இடம் இருந்ததால் எழுதினேன். இடம் இருந்ததால்!

வெகுநேரம் அந்த ஒரு வரியிலேயே நின்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். அம்மா செத்ததிலிருந்து அவள் அழுது பார்க்கவில்லை என்று சித்தி முன்பே சொல்லியிருந்தார். கீழேயிருந்து சித்தி ஓடி வந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியிலிருந்த ஈரத் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். “சீல் இல்லையே சார்.”

“இனிமே எதுக்கும்மா அது?”

“அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. சார் சீல் போட்டாரா, சார் சீல் போட்டாரான்னு. போட்டாச்சும்மான்னு சொல்லிட்டேன்.”

“பத்து நிமிஷம் இரு” என்றேன். சித்தி, வண்டிக்காரர் கத்துவார் என்றார். கத்தட்டும். ஓடினேன். இந்த வயதில் தெருவில் ஓடுகிறவனைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். காவலாளி பள்ளியைத் திறந்துவிட்டார். முத்திரையையும் புது மை அட்டையையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன். மேசை இல்லை. அவள் படிவத்தை ஜன்னல் கட்டையில் வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் போட்டேன். வட்டம் முழுசாக விழுந்தது.

அவள் ஊதி ஊதிக் காயவைத்தாள். “அவங்ககிட்ட நான் சொன்னது அது ஒண்ணுதான் சார் பொய். இப்ப அதுவும் இல்ல” என்றாள்.

வண்டி போன பிறகுதான் பார்த்தேன், சட்டைப் பை முழுக்க ஊதா மை. வீட்டுக்கு வந்ததும் இவள், “என்னங்க இது, நெஞ்சுல?” என்று பதறினாள். சொன்னேன். சட்டையை வாங்கி வாளியில் ஊறப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 8

படிவத்தை எடுத்ததை மதரிடம் சொன்னேன். “எந்தப் படிவம்?” என்றார். முத்திரையை அவர் மேசைமேல் வைத்தேன். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

ஜூலை 21

அவளிடமிருந்து இவளுக்குத்தான் போன் வந்தது. சித்தியின் சலவைக் கடையில் துணி மடித்துக் கொடுக்கிறாளாம். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாளாம். விண்ணப்பம் மறுபடி போடச் சொன்னாயா என்று கேட்டேன். “சொன்னேன். பார்க்கலாம் ஆன்ட்டின்னா” என்றாள் இவள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

இன்று அந்தக் கல்லூரி திறக்கிறது. தேதி எனக்கு மனப்பாடம். அவள் இடத்தில் யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, நன்றாகப் படிக்கட்டும்.

எங்களுக்கும் வகுப்புகள் தொடங்கிவிட்டன. புது சேவைப் படிவத்தை மதர் காட்டினார். உறவு கேட்கிற கேள்வியை எடுத்துவிட்டார்.

மத்தியானம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம். ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.